பொது விசாரணைக்கு எதை எடுத்துப் போவது?

வாசகர் கேள்விகள்: மின்சாரம், காற்று, பருவநிலை

சென்னையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். மின் கட்டணம், அனல்மின் நிலையம், சூரிய மின்சாரம், பருவநிலைக் கொள்கை, இவைதான் என் மேசைக்கு வரும் விஷயங்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

என் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, தூய எரிசக்திக்காகப் பேசுகிற ஒரு அமைப்பில் சேரப் போகிறேன் என்கிறாள். ஊர்வலம் போவதும் பதாகை பிடிப்பதும் ஒரு வேலையா? அங்கே அப்படி என்னதான் செய்வார்கள்?
*ஒரு தாய், அயனாவரம்*

ஊர்வலம் வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அம்மா. மற்ற நாளெல்லாம் படிப்புதான். மின்வாரியம் கட்டணத்தை மாற்ற நினைத்தால், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட வேண்டும். அந்த மனு நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. நிலக்கரிக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, வழியில் எத்தனை சதவீதம் மின்சாரம் இழப்பு என்று ஒவ்வொரு கட்டத்தையும் போன வருடக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடுகள்தான் பிறகு ஆட்சேபனை மனுவாகும்.

2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு, மனு கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும் என்கிறது. அதையும் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபனைகளையும் பரிசீலித்த பிறகே போட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 86ஆவது பிரிவு, வாங்கும் மின்சாரத்தில் காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் பொறுப்பை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளை நம்பித்தான் எங்கள் வேலை நடக்கிறது. சொன்ன பங்கை வாங்கினார்களா, வாங்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் மகள் அந்த ஆளாக இருப்பாள்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு மனு மீது கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கருத்துக் கேட்டார்கள். சென்னையில் கலைவாணர் அரங்கத்தில். இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எனக்கு அடுத்துப் பேச ஒரு பெரியவர் எழுந்தார். மஞ்சப்பையிலிருந்து கரன்ட் பில்களை எடுத்தார். தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தார். கை நடுங்கியது. "ஐயா, நான் தையல்காரன். இது போன மே மாச பில், இது இந்த மே மாச பில். மெஷின் அதே மெஷின்தான்" என்று இரண்டையும் தூக்கிக் காட்டினார். மூன்று நிமிஷம்கூடப் பேசவில்லை. அதற்கு முன் அட்டவணைகளை வைத்துப் பேசிய எங்களை எல்லாம் விட, அவர் பேசியபோதுதான் மேடையில் இருந்தவர்கள் பேனாவை எடுத்தார்கள். உத்தரவு வந்தபோது தேடிப் பார்த்தேன். சிறு தொழில் செய்பவர்களின் ஆட்சேபனை என்று அவர் சொன்னது பதிவாகியிருந்தது. கீழே வாரியத்தின் பதிலும் இருந்தது. பதில் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்ததே, அது அவர் கொண்டுவந்த நிலை.

சம்பளம் குறைவு அம்மா, அதை மறைக்க மாட்டேன். ஒரு உத்தரவில் ஒரு வரி மாற நான்கு வருடம்கூட ஆகும். பொறுமை இருக்கிறதா என்று மகளையே கேளுங்கள். இருக்கிறது என்றால் தடுக்காதீர்கள்.

விடிந்தால் மாடியில் காயும் துணியில் சாம்பல். சின்னவனுக்கு இருமல் நிற்பதே இல்லை. நீங்கள் காற்றாலை, சோலார் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வைத்தால் நான் போய்ப் பேசி என்ன ஆகப் போகிறது?
*ஒரு வாசகி, எண்ணூர்*

சகோதரி, முதலில் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டிய சீட்டு ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு நான் பல தடவை வந்திருக்கிறேன். ஒரு முறை கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு உள்ளே, நீர் வடிந்திருந்த நேரத்தில் இறங்கி நடந்தேன். கறுப்புச் சேறு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்ச் சாம்பல் நிறம். விரலால் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. கரையேறி வெயிலில் நின்ற கொஞ்ச நேரத்தில், முழங்கால் வரை சிமென்ட் பூசியதுபோல இறுகிவிட்டது. கழுவத் தண்ணீர் கொடுத்த ஒரு அம்மா, "நாங்க இறாலைக் கையால தடவித்தான் பிடிப்போம். இப்ப தடவினா இதுதான் வருது" என்று என் காலைக் காட்டினார். சென்னையில் நான் ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

பேசி என்ன ஆகும் என்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: பேசினால் திட்டம் நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் விட்டதை எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் பிறகு எடுத்துக் காட்டுவது மிகவும் கடினம்.

2006ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உட்படப் பல இடங்களில் பார்க்கக் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு ஆட்சியரோ அவர் சார்பில் வரும் உயர் அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியதன் தொகுப்பை முடிவில் மக்கள் முன்னால், மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கடைசி வாசிப்புக்கு முன் கூட்டம் கலைந்துவிடுவதைப் பார்க்கிறேன். பசி, பஸ், பிள்ளைகள், எல்லாம் புரிகிறது. ஆனாலும் பத்துப் பேராவது இருங்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் கையைத் தூக்கிச் சேர்க்கச் சொல்லும் நேரம் அதுதான்.

நேரில் பேச முடியாவிட்டால் எழுதியும் கொடுக்கலாம், அதற்கும் அதே மதிப்பு.

உங்கள் பக்கத்துப் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதோடு புகை முடிந்ததா? வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடுகின்றன. 2024 டிசம்பரில் எர்ணாவூரில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்குக் கூட்டம் நடந்தது. கந்தகப் புகையைக் குறைக்க அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரிலேயே மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு பல முறை தள்ளிப் போனது. ஏற்கெனவே இத்தனை இருக்கும் இடத்தில் இன்னொன்று எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை, அதை யாரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அந்தக் கவர். "எங்களுக்கு மூச்சுத் திணறுகிறது" என்று சொன்னால் பொதுவான புகார் என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். "என் மகனை இந்தத் தேதி, இந்தத் தேதி, இந்தத் தேதி நெபுலைசர் வைக்க அழைத்துப் போனேன், இதோ சீட்டு" என்று நகல் கொடுத்தால் திட்டக்காரர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். உங்கள் தெருவில் இன்னும் ஐந்து தாய்மார்களிடம் அப்படி ஒரு கவர் இருந்தால், சேர்ந்து போங்கள்.

மடிப்பாக்கத்தில் 12 வீடுகள் உள்ள குடியிருப்பு, லிஃப்ட் உண்டு. பொது மீட்டருக்கு வரும் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சோலார் போடலாம் என்றால் மாடியில் வத்தல் காய வைக்க இடமிருக்காது என்று இரண்டு வீட்டில் எதிர்ப்பு. என்ன செய்வது?
*குடியிருப்போர் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்*

வத்தல் சின்ன விஷயமில்லை ஐயா. பேனல்களை எட்டடி உயரத்தில் இரும்புச் சட்டம் கட்டி ஏற்றினால், கீழே துணி உலரும், மேலே மின்சாரம் வரும். வத்தலுக்கு நேர் வெயில் வேண்டும். அதற்குத் தெற்கு ஓரத்தில் ஒரு பட்டையை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் மாடிக்கு அழைத்துப் போய், சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுவதைவிட அது பலிக்கும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் அந்த இரும்புச் சட்டத்தின் உறுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசிய காற்றை நினைத்துக்கொண்டு போல்ட்டை எண்ணுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். சென்னை வெயிலுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் எதிர்பார்க்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் 78,000 ரூபாய் மானியம். உங்களைப் போன்ற சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 உத்தரவில்தான் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனி விகிதம் வந்தது. பிறகு அது 8 ரூபாய் 15 காசானது. குடியிருப்போர் பலரும் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகு, 2023 அக்டோபரில் சிறிய குடியிருப்புகளுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். ஆனால் பத்து வீடு அல்லது அதற்குக் குறைவாக, மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால்தான் அந்தச் சலுகை. உங்கள் 12 வீடு அதற்கு வெளியே நிற்கிறது. அடுத்த கட்டண விசாரணை வரும்போது, லிஃப்ட் வயதானவர்களுக்கு ஆடம்பரமா என்று கேட்டு மனுப் போடுங்கள். உங்கள் குடியிருப்பில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கின்றன என்கிறார்களே?
*ஒரு வாசகர், தாம்பரம்*

எந்த அமைப்பிடமும் கணக்கைக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடை உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் வர முடியாது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் அது முதலில் வந்து விழ வேண்டும். வருமான வரிச் சட்டமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பை அறப்பணி என்றே சொல்லியிருக்கிறது. கணக்கைக் காட்ட மறுக்கிற அமைப்பை நம்பாதீர்கள். கணக்கைக் காட்டிய பிறகு, அவர்கள் கேட்கும் கேள்வி சரியா தவறா என்பதை மட்டும் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போனபோது காற்று அடித்தும் சில காற்றாலைகள் நின்றிருந்தன. ஏன்? நாம் எழுதிக் கேட்டால் தமிழில் எழுதலாமா?
*கல்லூரி மாணவர், திருவொற்றியூர்*

பழுது, பராமரிப்பு என்றும் நிற்கும். மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பித்தடத்தில் இடமில்லாமலும் நிற்கும். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தும் நிற்கும். மே முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய்கள் வழியாகக் காற்று பாய்கிற காலம். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலை இருக்கிறது. அந்த நேரத்தில் நிலக்கரி உலைகளை ஒரு அளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பது ஒரு காரணம், உடனே தணித்து உடனே ஏற்ற அவை சோற்றுப்பானை அடுப்பு இல்லை. நின்ற யூனிட் ஒவ்வொன்றுக்கும் எங்கோ நிலக்கரி எரிகிறது. மேலே எழுதியிருக்கும் எண்ணூர்த் தாயின் கேள்வியும் உன் கேள்வியும் ஒன்றுதான் தம்பி.

சூரிய மின்சாரத்தில் இப்படி நிறுத்தச் சொல்வதை எதிர்த்து உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. கம்பித்தடத்தின் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல் நிறுத்தச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் சொன்னது. தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு அது. எந்த நாள், எந்த நேரம், எத்தனை மெகாவாட் நிறுத்தப்பட்டது என்ற பதிவுகளை எடுத்து வைத்தார்கள், அதனால் வழக்கு ஜெயித்தது. நீயும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உன் கேள்வியைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தாராளமாகத் தமிழில் எழுது. 2020இல் சுற்றுச்சூழல் விதிகளின் புதிய வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு பக்கம் போதும். கட்டண மனு பற்றி ஆணையத்துக்கு எழுதுவதானால் மனு எண்ணை மேலே எழுது, நீ யார், எங்கே இருக்கிறாய், என்ன பார்த்தாய், எந்தத் தேதி, என்ன கேட்கிறாய், அவ்வளவுதான். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடு. ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வா.