பச்சை பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஒருவர் பழைய ராணுவ ஜீப்பைப் புதுப்பித்து, டிரெய்லரோடு சேர்த்து விற்கிறார். ‘1944 மாடல், உலகப்போர் வண்டி’ என்கிறார். ராணுவப் பச்சையில் பளபளக்கிறது. புதுச்சேரியின் பிஒய் பதிவு. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓட்டிப்போக ஆசை. வாங்கலாமா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: ஆசையில் தப்பே இல்லை. இந்த மாதிரி வண்டிகள் அக்கறையுள்ள கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஞ்சின் நம்பரும் அப்படித்தான். பழைய ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது சகஜம். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

அப்புறம், முன்கிரில்லில் நிமிர்ந்த துளைகளை எண்ணுங்கள். 1944-இன் வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் 9 இருக்கும்; பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. 7 துளை, உயரமான பானெட், பின்கதவு என்றால் அது பெரும்பாலும் மகிந்திரா சிஜே-3பி. அதுவும் நல்ல வண்டிதான், நம் ராணுவத்திலும் ஓடியதுதான். ஆனால் உலகப்போர் விலை கொடுக்கக் கூடாது.

புதுப்பித்த வண்டியில் பெயின்ட் பேசும், தகரம் பேசாது. ஒரு சின்னக் காந்தத்தை மட்கார்டிலும் கதவோரத்திலும் வைத்துப் பாருங்கள். பள்ளத்தை மறைக்கும் பட்டியைக் கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. அடியில் படுத்து, தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டி அங்கேதான் முதலில் பொத்துக்கொள்ளும்.

அந்தப் பச்சையே சிக்கல்தான். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. வேறு நிறம் அடித்து, ஆர்சியிலும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

டிரெய்லரும் சட்டப்படி தனி மோட்டார் வாகனம். அதற்குத் தனி ஆர்சி இல்லையென்றால் ஜீப்பை மட்டும் பேசி முடியுங்கள்.

எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம். புதுச்சேரி ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூரில் வரி கட்டி, டிஎன்-31 எண் எடுக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 2021-இல் தனி ‘விண்டேஜ்’ பதிவு வந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அதில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று மட்டுமே சாலையில் எடுக்கலாம். உங்கள் கடற்கரை ஆசைக்குச் சாதாரணப் பதிவு நடப்பில் உள்ள வண்டிதான் சரி.

கேள்வி: பழைய வண்டி வாங்கிய மறுவாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: விற்றவர் வண்டி வியாபாரம் செய்பவரா என்பதுதான் கேள்வி. வியாபாரி என்றால், நல்ல கண்டிஷன் என்று அவர் அனுப்பிய மெசேஜ், ரசீது, மெக்கானிக்கின் எழுத்து இவற்றோடு மாவட்ட ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தன் சொந்த வண்டியை விற்ற தனி ஆள் என்றால் அந்த வழி கிடையாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.