அக்கா செய்தால் செலவில்லை

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. சராசரி ஆயுள் 78தான். சிங்கப்பூரின் விழுக்காடு அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆயுளோ 83. பணக்கார நாடுகள் நம்மைப் பார்த்துப் படிக்க வேண்டாமா? எங்கள் வீட்டிலேயே, படுக்கையில் இருக்கும் அம்மாவை என் மனைவி வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறார். தாதிமை இல்லச் செலவு மிச்சம். இதையெல்லாம் நீங்கள் ஏன் பாராட்டி எழுதுவதில்லை?

செந்தில், பொங்கோல்

அன்புள்ள செந்தில்,

எண்கள் சரி. அமெரிக்காவை விடுங்கள். அங்கே அதே மாத்திரைக்கே கொள்ளை விலை. ஆயுள் குறைவதில் துப்பாக்கிக்கும் போதைப்பொருளுக்கும் பங்குண்டு. அவர்களை ஜெயித்தோம் என்று மார்தட்ட ஒன்றுமில்லை. 1984இல் வந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும், 2015இல் எல்லாரையும் மருத்துவக் காப்புறுதிக்குள் கொண்டுவந்த மெடிஷீல்டு லைஃபும் பெரிய காரியங்கள்தான். மறுக்கவில்லை.

ஆனால் கொஞ்ச நாளாகவே நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் உங்கள் ‘மிச்சம்’ வந்து இடித்தது. அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கும் நல்ல பிள்ளை நீங்கள். அந்த வரியை எப்படி ஐயா எழுத மனம் வந்தது? உங்கள் மனைவியின் சம்பளம் எங்கே போயிற்று? சம்பளம் இல்லையென்றால், அதிலிருந்து கட்டும் மத்திய சேமநிதி, அதாவது மசேநிதி, இல்லை. மசேநிதி இல்லையென்றால் அவருடைய மெடிசேவிலும் பணம் ஏறாது. நாளை அவர் படுத்தால் உங்கள் கணக்கை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

எங்கள் பெரியம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அக்கா ஆசிரியர் வேலையை விட்டார். பெரியம்மாவுக்கு மூக்கில் குழாய். ஒவ்வொரு முறையும் பால் ஊற்றுமுன் ஊசிக்குழாயால் வயிற்றிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, காகிதத் துண்டில் தொட்டு, நிறம் மாறுகிறதா என்று அக்கா பார்ப்பார். மாறாவிட்டால் குழாய் நகர்ந்திருக்கலாம். பால் நுரையீரலுக்குப் போய்விடும். இரவிலும் அலாரம் வைத்து எழுந்து இதேதான். மருத்துவமனையில் தாதி செய்தால் இது சுகாதாரச் செலவு. அக்கா செய்தால் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் பராமரிப்புக் காப்புறுதி கொண்டுவந்தன. ஜெர்மனியில் உறவினர் வீட்டில் பார்த்துக்கொண்டாலும் மாதாமாதம் பணம் உண்டு. பார்ப்பவருக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறார்கள். அவர்கள் செலவு பெரிதாகத் தெரிவதில் இதற்கும் பங்குண்டு. நம்மிடமும் 2020இலிருந்து கேர்ஷீல்டு லைஃப் என்ற பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. அது படுத்தவருக்கு. பார்த்துக்கொள்பவரின் மசேநிதிக்கு யார் போடுவது?

நீங்கள் போடுங்கள். இந்த மாதமே உங்கள் பணத்திலிருந்து அவருடைய மெடிசேவில் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். மற்ற நாடுகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.