ஏழு கிலோவுக்குள் எந்த லென்ஸ்?

வெளிநாட்டுப் பயணத்துக்குக் கேமரா கட்டுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவில் ஸ்டூடியோக்காரரின் பதில்கள்

எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து குழுவாக ரோமுக்குப் போகிறோம். என்னிடம் ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று, 24-70 எஃப் 2.8, 70-200 எஃப் 2.8, 50 எஃப் 1.8 லென்ஸ்கள், ஃப்ளாஷ், டிரைபாட் எல்லாம் இருக்கின்றன. "போன் போதும், கையை வீசிக்கொண்டு வா" என்கிறார் கணவர். எதை எடுக்க, எதை விட?
— வாசகி, கோட்டாறு

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காக 24-70 லென்ஸை மாட்டிய கேமராவும் 50-உம் போகட்டும். மற்றவை வீட்டில் இருக்கட்டும். (லென்ஸின் மில்லிமீட்டர் எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்துப் பொருள் கிட்ட வரும்.)

டிரைபாடை முதலில் பரணில் ஏற்றுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் டிரைபாட், ஃப்ளாஷ், செல்ஃபி குச்சி மூன்றுக்கும் தடை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமே எடுக்கக்கூடாது. மைக்கேலாஞ்சலோவின் விதானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். புனித பேதுரு பேராலயத்தின் உள்நீளமே 180 மீட்டருக்கு மேல். அங்கே ஃப்ளாஷ் அடித்தால் உங்களுக்கு முன்னால் நிற்பவருடைய முதுகுதான் வெளுக்கும், பின்னால் உள்ளதெல்லாம் இருண்டுவிடும். அதற்குப் பதிலாகக் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றிக்கொண்டு, லென்ஸின் துளையை எஃப் 2.8-க்கு முழுதாகத் திறந்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்துப் பிடித்து எடுங்கள். படத்தில் சற்றுப் புள்ளி தட்டினால் தட்டட்டும். அசைந்த படத்தை வீட்டுக்கு வந்து சரிசெய்ய முடியாது, புள்ளியைக் குறைத்துவிடலாம்.

70-200-ஐ விடச் சொன்னால் உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். விலை அப்படி. ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே ஒன்றரை கிலோவுக்குப் பக்கம் வரும். பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படி. பாதிவரை லிஃப்ட் உண்டு என்றாலும், மேலே போகப் போகக் குவிமாடத்தின் வளைவோடு சேர்ந்து சுவரும் சாய்ந்துவிடும். ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். குழுப் பயணத்தில் இன்னொரு சங்கடம்: வழிகாட்டி கையில் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். நீங்கள் ஓரமாக நின்று லென்ஸ் மாற்றி நிமிர்வதற்குள் கொடி அடுத்த தெருவில் தெரியும். மாற்றாத லென்ஸுக்கு எதற்குச் சுமைகூலி?

திருத்தந்தையின் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பு உங்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தால், "அதற்காவது?" என்று கேட்பீர்கள். அதற்கும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் தடுப்பு ஓரமாக அவருடைய வண்டி சுற்றி வரும். சீக்கிரம் போய்த் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தவருக்கு 70 மில்லிமீட்டர் போதும். பின்வரிசையில் நின்றுவிட்டால், 200-இல் கிடைப்பது மற்றவர்கள் தூக்கிப் பிடித்த போன்களின் படம்.

50 எஃப் 1.8-இன் எடை 200 கிராம்கூட இல்லை. மங்கலான சிற்றாலயங்கள், இரவு உணவு மேசை, ஜன்னலோரம் உட்கார்ந்த மாமியார் எல்லாவற்றுக்கும் அது வேலை செய்யும்.

2022 மே 15 அன்று அந்தச் சதுக்கத்தில்தான் நம் நட்டாலத்துத் தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அவருடைய கல்லறை உங்கள் கோட்டாறு பேராலயத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து போகிற எல்லோருக்கும் அந்த இடத்தில் நின்று ஒரு படம் வேண்டியிருக்கும். தூண் வரிசையோடு குழு முழுவதையும் அடக்க 24 மில்லிமீட்டர் போதும். ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். ஒல்லியானவர்களை ஓரத்தில் நிறுத்துங்கள், சண்டை வராது.

மூன்று பேட்டரி எடுங்கள். மெமரி கார்டு 64 ஜிபியில் நாலைந்து போதும். பெரிய கார்டு ஒன்றை நம்பினால், அது தொலையும்போது பயணமே தொலையும். இத்தாலியிலும் மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு உருண்டைப் பின் உள்ள சார்ஜர் அப்படியே செருகும். நம்முடைய தடித்த மூன்று பின் செருகாது. போன் இருக்கட்டும். மிக அகலமான காட்சிகளையும் வீடியோவையும் அதில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கும் மரியாதை கொடுத்தது போலாயிற்று.

அண்ணாச்சி, கேபினில் ஏழு கிலோதான் அனுமதி. பேட்டரியையும் பவர் பேங்கையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாமா?
— வாசகர், குளச்சல்

கூடவே கூடாது. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பகுதியில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை என்பதே காரணம். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். கணக்கு சுலபம்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வாட்-அவர். சாதாரணக் கேமரா பேட்டரி 14-க்குப் பக்கம்தான். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடி போடுங்கள், அல்லது டேப் ஒட்டுங்கள். சுமையைக் குறைக்க வேண்டுமானால் டிரைபாடையும் சார்ஜரையும் பெரிய பெட்டிக்குத் தள்ளுங்கள்.

துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். இரண்டு கேமரா, டிரோன் எல்லாம் எடுத்துப் போகிறேன். திரும்பி வரும்போது சுங்கத்தில் கேள்வி கேட்பார்களா?
— வாசகர், மார்த்தாண்டம்

கேட்கலாம். புறப்படும் அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பில்லும், பாடி, லென்ஸ் ஆகியவற்றின் சீரியல் நம்பரும் வேண்டும். நம்பரை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், வரிசையில் நின்று லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். இந்தச் சான்று இருந்தால், இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

டிரோனை வீட்டில் வையுங்கள். அங்கே பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது. மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் கொண்டு இறங்கினாலே பிடித்து வைத்துக்கொள்வார்கள். அமீரகத்தில் அரசு, இராணுவக் கட்டடங்களையும், கேட்காமல் பிறரையும் படமெடுப்பது வம்பு. மகனைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு கேமரா எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

நார்வேயில் ட்ரோம்சோவுக்கு வடதுருவ ஒளி பார்க்கப் போகிறேன். என்னிடம் 18-55, 55-250 கிட் லென்ஸ்களும் (கேமராவோடு சேர்ந்து வருபவை) சாதாரணக் கேமராவும் இருக்கின்றன. குளிர் எனக்குப் பழக்கமில்லை.
— வாசகர், குலசேகரம்

இந்தப் பயணத்துக்கு டிரைபாட் கட்டாயம், 55-250 வேண்டாம். ஒளி வானம் முழுக்கப் பரவும், 18-55 அதற்குப் போதாது. உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் 11-20 எஃப் 2.8 போன்ற ஒரு வைட் லென்ஸை வாடகைக்கு எடுங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் திறந்திருப்பது 5 முதல் 15 விநாடி. ஒளி வேகமாக நெளிந்தால் விநாடியைக் குறைக்க வேண்டும். திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் யுவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பச்சை ஒளியில் அது படத்தின் நடுவே வளையம் வளையமாகக் கோடு விழச் செய்யும்.

உங்கள் ஊரில் விடியலுக்கு முன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு தெரியும்தானே? அதில் சிவப்பு ஒளியும் உள்ள ஒன்றை வாங்குங்கள். வெள்ளை வெளிச்சம் போட்டால் பக்கத்தில் டிரைபாட் வைத்து நிற்பவர் திட்டுவார்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். இறங்கியதையும் எறிந்துவிட வேண்டாம்; சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

முக்கியமானது நீர்த்திவலை. கன்னியாகுமரி விடுதியில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால், லென்ஸ் பால் ஊற்றியது போல மூடிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். அது தெளிவதற்குள் சூரியன் திருவள்ளுவர் சிலைக்கு மேலே ஏறியிருக்கும். ட்ரோம்சோவில் இது தலைகீழாக நடக்கும்: வெளியே குளிர், உள்ளே வெப்பம். அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றில்லாமல் மூடுங்கள். பனி பையின் மேல்தான் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. மூடுவதற்கு முன் மெமரி கார்டை மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பத்தாவது நிமிடமே பையைத் திறப்பீர்கள்.

அடுத்த மாதம் மலேசியா போகிறேன். அதற்காகப் புதுக் கேமரா வாங்கலாமா?
— வாசகி, ஆரல்வாய்மொழி

வாங்குவதானால் இன்றே வாங்குங்கள். புறப்படும் வாரத்தில் வாங்காதீர்கள். வாங்கியதும் விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போங்கள். அரையிருட்டு, மஞ்சள் பல்பு, நகர்ந்துகொண்டே இருக்கும் கைகள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விரல் போகும்வரை அங்கே பழகுங்கள். பத்துமலையின் 272 படியை ஏறி மூச்சு வாங்கும்போது மெனுவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அடிவாரத்து முருகன் சிலை 42 மீட்டருக்கு மேல் உயரம். கிட்ட நின்று எடுத்தால் சிலை பின்னோக்கிச் சாய்ந்தது போல வரும். பின்னால் நகர்ந்து போய் எடுங்கள். கேமராவோடு கிடைக்கும் கிட் லென்ஸே இதற்கெல்லாம் போதும். கடைக்காரர் இன்னொரு லென்ஸையும் சேர்த்துக் கட்டப் பார்த்தால், பயணம் முடிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.