சிசிடிவி, ஆர்.ஓ. சர்வீஸ் கடை நடத்துபவர் வாடிக்கையாளர் விவரங்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

மார்த்தாண்டத்தில் நான்கைந்து பணியாளர்களுடன் சிசிடிவி, இன்வெர்ட்டர், ஆர்.ஓ. ஆகியவற்றைப் பொருத்திப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி போன்றவற்றை எப்படிப் பாதுகாப்பது, 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வளவு சிறிய கடைக்கும் பொருந்துமா என்பவை உங்கள் கேள்விகள். தக்கலையில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சட்டம் பொருந்தும். ஆனால் சட்டத்துக்கு வருவதற்கு முன், உங்கள் கையில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். பெயரும் எண்ணும் அதில் சிறு பகுதிதான்.

ஒவ்வொரு வேலைக்கும் நாம் எழுதும் ஜாப் கார்டில் 'குறிப்பு' என்று ஓர் இடம் இருக்குமல்லவா, அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். "ஆள் இல்லை, ஓணத்துக்குத்தான் வருவார், சாவி எதிர்வீட்டுச் சித்தியிடம், பின்வாசல் தாழ்ப்பாள் சரியில்லை" என்ற வகையில் எழுதப்பட்டிருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், குடும்பத்தில் ஒருவராவது கல்ஃபில் இருக்கும் வீடுகள் ஏராளம். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், வயதான தாயார் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளும் உண்டு. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார்கள். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கமாட்டார்கள் என்ற பட்டியல் ஒரு திருடனுக்கு ஆதார் எண்ணைவிடப் பன்மடங்கு பயன்படும். அந்தப் பட்டியலை யாரும் கேட்காமலேயே தயாரித்து, மேசை மேல் வைத்திருப்பவர்கள் நம்மைப் போன்ற சர்வீஸ் கடைக்காரர்கள்தான். ஆகவே சாவி, ஆள் இருப்பு தொடர்பான குறிப்புகளை வேலை முடியும்வரை மட்டும் ஒரு தனிச் சீட்டில் வைத்திருந்து, வேலை முடிந்த அன்றே கிழித்துவிடுவது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது மறுபடி கேட்டுக்கொள்ளலாம். அதனால் குறைந்துபோவது எதுவுமில்லை.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழு. பெரும்பாலான கடைகளில் காலையில் வரும் புகார்கள் அனைத்தும், வாடிக்கையாளரின் எண், வீட்டின் லொகேஷன், வாசல் கேட்டின் படம் ஆகியவற்றோடு ஒரே குழுவில் போடப்படுகின்றன. கருங்கலுக்குப் போகவேண்டியவருக்குக் குலசேகரத்து வீட்டின் விவரமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது குழுவிலிருந்து நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நீக்கிய பிறகு புதிய செய்திகள்தான் அவருக்கு வராதே தவிர, அதுவரை வந்தவை எல்லாம் அவருடைய போனில் அப்படியே இருக்கும். தானாக மறையும்படி செய்திகளுக்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைக்கும் வசதி உண்டென்றாலும், கேலரியில் பதிவான படங்கள் அதனால் அழிவதில்லை. எனவே குழுவை விடுமுறை, சம்பளம், உதிரிப்பாகம் போன்ற பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, புகார்களை அந்தந்த டெக்னீஷியனுக்குத் தனியாக அனுப்புங்கள். கடைக்கென்று ஒரு போனும் கடையின் பெயரில் எடுத்த ஒரு சிம்மும் இருப்பது அவசியம். வாடிக்கையாளர் எண்கள் அதில் இருக்கட்டும், பணியாளர்களின் சொந்த போன்களில் வேண்டாம்.

சிசிடிவி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பது அம்மா மட்டும், அவரிடம் இருப்பது பட்டன் போன், மகன் துபாயில் வேலையில் இருக்கிறார் என்றால், டெக்னீஷியன் கேமராவைப் போனில் பார்க்கும் செயலியில் தன் எண்ணிலேயே கணக்குத் தொடங்கி, டி.வி.ஆரின் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியின்) கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைத்துவிட்டு, "அண்ணன் ஊருக்கு வரும்போது மாற்றித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். இதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை; நேரம் மிச்சம், அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டின் முற்றத்தை எங்கிருந்தும் பார்க்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. பல செயலிகளில், முதலில் இணைத்த கணக்கிலிருந்து விடுவிக்காமல் வேறொருவர் அந்தக் கருவியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது.

இதற்குச் சரியான வழி, மகனை வீடியோ அழைப்பில் வரச்சொல்லி, அவரே தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, அம்மா வீட்டுக் கருவியை இணைத்துக்கொள்ளச் செய்வதுதான். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் நம் வேலை நேரமும் பொருந்தாவிட்டால், கேமராக்களைப் பொருத்தி டி.வி.யில் பார்க்கும்படி செய்துவிட்டு வாருங்கள், போன் இணைப்பை வேறொரு நாளில் செய்யலாம். அட்மின் பாஸ்வேர்டை வீட்டுக்காரரே தட்டச்சு செய்யட்டும்; நம் ஆள் அப்போது திரும்பி நிற்பது நாகரிகம். எல்லா வீட்டுக்கும் கடையின் பெயரோடு 123 சேர்த்து ஒரே பாஸ்வேர்டு வைக்கும் வழக்கம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. ஊரிலுள்ள எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி செய்து, அதைக் கடைப் பலகையில் தொங்கவிடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) உள்ள வீடுகளில் பராமரிப்புக்கு நுழைவு தேவைப்பட்டால், குறைந்த அனுமதிகள் கொண்ட தனிப் பயனர் ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தவுடன் வீட்டுக்காரரே அதை நீக்கிவிடலாம்.

பழுதான ஹார்ட் டிஸ்க்கை வாரண்டிக்காகக் கழற்றிவரும்போது அந்த வீட்டின் பல வாரப் பதிவும் உங்கள் பைக்கில் வருகிறது என்பதை மறக்கவேண்டாம். இயங்கும் நிலையில் இருந்தால் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள். இயங்காவிட்டால், நிறுவனத்துக்கு அனுப்பலாமா அல்லது வாரண்டியை விட்டுவிட்டு டிஸ்க்கை அவரே வைத்துக்கொள்கிறாரா என்று கேட்டு முடிவெடுங்கள். கிணற்றடியோ பக்கத்து வீட்டு முற்றமோ கேமராவில் தெரியும் வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு.

ஆதார் நகல் வாங்காதீர்கள். தவணைக்குப் பொருள் எடுப்பவருக்கு நிதி நிறுவனமே சரிபார்த்துக்கொள்கிறது. ஃபில்டர் மாற்றுவதற்கும் கேமரா பொருத்துவதற்கும் ஆதாரோடு தொடர்பே இல்லை. கட்டாயமாக வைத்திருக்கவேண்டியவற்றில் முக்கியமானவை கணக்குப் பதிவுகள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, ஆண்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பில்களைப் பாதுகாக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராகவும் பில் தொகை 50,000 ரூபாய்க்குக் குறைவாகவும் இருந்தால், அவர் கேட்டாலொழிய முகவரியைப் பில்லில் போடவேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆகவே பில்லை வைத்துக்கொண்டு, ஜாப் கார்டு, வீட்டுப் படம், லொகேஷன் ஆகியவற்றை வாரண்டிக் காலம் முடிந்ததும் அழித்துவிடலாம்.

இனிச் சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; தொழில் நடத்துபவர்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். கடை சிறியது என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது; குறிப்பிட்ட சில வகையினருக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, அவ்வளவே. நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்திருப்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. அதையே எக்செலில் ஏற்றினால் வந்துவிடும். பழுது பார்ப்பதற்காக ஒருவர் தானாக முன்வந்து தரும் எண்ணை அந்த வேலைக்குப் பயன்படுத்தத் தனி ஒப்புதல் தேவையில்லை. அதே எண்ணுக்குக் கிறிஸ்துமஸ் தள்ளுபடி என்று செய்தி அனுப்புவது வேறு நோக்கம். அதற்கு முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், தமிழிலேயே கேட்கலாம். விவரங்கள் கசிந்தால், அவற்றுக்கு உரியவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்லி, வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கையும் தரவேண்டும். தண்டத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்ற செய்தியைப் படித்துப் பலர் அரண்டுபோயிருக்கிறார்கள். தொகையைத் தீர்மானிக்கும்போது மீறலின் தன்மை, கடுமை, பாதிப்பைக் குறைக்க எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை வாரியம் பார்க்கவேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது.

அதற்காக 2027 வரை கேள்வி கேட்பாரில்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஒப்பந்தப்படி சேவை செய்யப் போன இடத்தில் கிடைத்த தனிப்பட்ட விவரத்தை, தவறான ஆதாயத்துக்காகவோ பிறருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தோ வெளியே கொடுத்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இப்போதே வழி வைத்திருக்கிறது. புதிதாகச் சேரும் டெக்னீஷியனிடம் நான் முதலில் படித்துக் காட்டுவது இதைத்தான்.

நடைமுறையில் உங்களிடம் விவரம் கேட்டு வருபவர்கள் இரண்டு வகையினர். வேறு பிராண்டு ஆர்.ஓ. விற்கும் முகவர், கமிஷன் தருவதாகச் சொல்லி வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்பார். ஓரிரு முறை மறுத்துவிட்டால் பிறகு வரமாட்டார். இன்னொரு வகை காவல்துறை. பக்கத்தில் திருட்டு நடந்தால், கேமரா பொருத்தியவர் என்ற முறையில் பதிவை உங்களிடம் கேட்பார்கள். பதிவு வீட்டுக்காரருடையது, அவரைத் தொடர்புகொள்ள உதவுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி உங்கள் பெயருக்கே எழுத்து மூலம் உத்தரவு வந்தால், உங்களிடம் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்போது வீட்டுக்காரருக்கும் தெரிவித்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்பதற்கு ஒப்புகை வாங்கி அவருடைய பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.