கடைவீட்டுல ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி யாரைக் கேக்கணும்?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கத்துப் பழைய கடைவீடுங்களை, அதாவது கீழ கடை மேல வீடுன்னு கட்டுன கட்டடங்களைப் பத்திதான். அதனால சிபிஎஃப் சேமநிதிக் கேள்வி, ஸ்கூல் அட்மிஷன் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: டன்லப் ஸ்ட்ரீட் பக்கத்துல ஒரு கடைவீட்டோட கீழ்த்தளத்த வாடகைக்கு எடுத்து தோசைக்கடை போடலாம்னு நானும் மச்சானும் பேசிட்டிருக்கோம். முன்னாடி அங்க துணிக்கடை இருந்துச்சு. ஓனர் "உள்ள என்ன வேணா மாத்திக்கோ"ன்னு சொல்லிட்டார். கான்ட்ராக்டர் முன்பக்கம் பூரா பெரிய போர்டு, அதுக்கு மேல ஏர்கான் கம்ப்ரசர்னு பிளானே போட்டுட்டாரு. டவுன் கவுன்சில்ல ஒரு பெர்மிட் எடுத்தா போதும்தானே? (வாசகர், ஈசூன்)

தம்பி, டவுன் கவுன்சிலுக்கு அலையாதீங்க, அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அரசாங்க அடுக்குமாடி வீடுங்க இருக்கற எச்டிபி பேட்டையில லிஃப்ட், காரிடார், கீழ்த்தளத்துல திறந்த கூடமா இருக்கற வாய்ட் டெக் மாதிரி பொது இடம்தான் அவங்க பொறுப்பு. ஊர்லேர்ந்து வந்து இங்க தொழில் பண்றவங்க பல பேரு "கார்ப்பரேஷன் ஆபீஸ் எங்க இருக்கு"ன்னு தேடறத பாத்திருக்கேன். இங்க ஒரு காலத்துல சிட்டி கவுன்சில்னு இருந்துச்சு, 1951ல நகரம்ங்கற அந்தஸ்து கெடச்சப்ப அந்தப் பேர்ல வந்துச்சு, அறுபதுகள்ல அது போயிடுச்சு, இப்ப வேலைய ஆளுக்கொரு அமைப்பா பிரிச்சு வச்சிருக்காங்க. கட்டடத்தோட தோற்றமும் அதுல என்ன தொழில் பண்ணலாம்ங்கறதும் யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்), கட்டுமானப் பாதுகாப்பும் விளம்பரப் பலகை லைசன்ஸும் பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்), நெருப்பு சம்பந்தமா எஸ்சிடிஎஃப் (குடிமைத் தற்காப்புப் படை), சாப்பாட்டுக்கடை லைசன்ஸ் எஸ்எஃப்ஏ (உணவு அமைப்பு). உங்க தோசைக்கடைக்கு இந்த நாலு பேரையும் பாக்க வேண்டியிருக்கும், ஆனா மொதல்ல யூஆர்ஏ.

ஏன்னா லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7ஆம் தேதியே பாதுகாப்புப் பகுதின்னு, அதாவது பழைய கட்டடங்கள அப்படியே காக்க வேண்டிய பகுதின்னு அரசிதழ்ல வந்துடுச்சு. மொத பட்டியல்ல பத்து இடம், கம்போங் கிளாம், போட் கீ, தஞ்சோங் பகார் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. இன்னிக்கு தீவு பூரா 7,200க்கு மேல கட்டடம் இந்தச் சட்டத்துக்குள்ள இருக்கு. ஓனர் என்ன வேணா மாத்திக்கோன்னு சொல்லலாம், வாய் வார்த்தைக்கு என்ன செலவு. அவரே மாத்தணும்னாலும் அனுமதி வாங்கித்தான் மாத்தணும்.

மொதல்ல பாக்க வேண்டியது சுவரோ போர்டோ இல்ல, பயன்பாடு. துணிக்கடைன்னு அனுமதி இருக்கற இடத்துல அடுப்பு பத்த வைக்கணும்னா பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியா விண்ணப்பம் போடணும், அதுலயும் லிட்டில் இந்தியாவோட மையப் பகுதியில கீழ்த்தளத்துல எந்தத் தொழில் வரலாம் எது வரக்கூடாதுன்னு தனிக் கட்டுப்பாடே இருக்கு, அதனால பக்கத்து வீதியில ஒருத்தர் பண்றாரே நாம பண்ணா என்னன்னு நெனச்சு இறங்கிடாதீங்க. யூஆர்ஏவோட வெப்சைட்ல முகவரியப் போட்டா அந்த இடத்துக்கு என்ன பயன்பாடு அனுமதிச்சிருக்காங்கன்னு பாத்துக்கலாம். இத லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாருங்க. அனுமதி கெடைக்கலன்னா டெபாசிட் திரும்பி வரணும்னு ஒரு வரிய அக்ரிமென்ட்ல எழுதச் சொல்லுங்க. ஓனர் மூஞ்சி சுழிப்பாரு, பரவால்ல, அப்ப வேற இடம் பாருங்க.

அடுத்தது வேலை. யூஆர்ஏ சொல்றது சுருக்கமா இதுதான்: முடிஞ்ச வரைக்கும் இருக்கறத அப்படியே வச்சிரு, பழுதானத பழைய மாதிரியே சரி பண்ணு, கண்டபடி புதுசா மாத்தாத. லிட்டில் இந்தியா மாதிரி வரலாற்று வட்டாரத்துல முகப்பு மட்டும்னு இல்ல, உள்ள இருக்கற மரப்படி, மரத்தளம், பொதுச்சுவரு, நடுவுல வானம் தெரியற ஏர்வெல், மேல களிமண் ஓடு எல்லாமே கணக்குல வரும். ஏர்வெல்ல மூடிட்டா இன்னும் நாலு டேபிள் போடலாமேன்னு கான்ட்ராக்டர் கண்டிப்பா சொல்வாரு. வேணாம்னு சொல்லிடுங்க. கம்ப்ரசர், சமையல்கட்டுப் புகைக்குழாய் இதெல்லாம் தெருவுல நிக்கறவன் கண்ணுக்குப் படாத மாதிரி பின்பக்கமாப் போகணும். போர்டு வைக்கலாம், ஆனா மேல்மாடி ஜன்னலையும் தூண்ல இருக்கற பூவேலையையும் மறைச்சா நடக்காது. அவரு போட்டிருக்கற பிளான் மூலைக்கு மூலை அடிபடும், பாதுகாப்புக் கட்டடத்துல கைவச்சுப் பழக்கமான ஆர்க்கிடெக்ட்கிட்ட காட்டி வேற பிளான் போடச் சொல்லுங்க, அந்தச் செலவு வீண் போகாது.

கேள்வி: என் அக்கா ஜூ சியாட்ல இருக்கற பழைய வீட்டுக்குப் பின்னாடி உயரமா கட்டிட்டாங்க. எனக்கு லிட்டில் இந்தியாவுல ஓடு தாண்டி ஒரு அடி ஏத்தக்கூடாதுங்கறாங்க. இது என்னங்க நியாயம்? (வாசகர், சிலிகி)

ரெண்டும் பாதுகாப்புப் பகுதிதான், ஆனா வகை வேற. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ இந்த நாலும் வரலாற்று வட்டாரம், இங்க முழுக் கட்டடமும் அப்படியே இருக்கணும். ஜூ சியாட், கேலாங் மாதிரி இடமெல்லாம் ரெண்டாவது கட்டமா குடியேறுன பகுதின்னு வச்சிருக்காங்க, அங்க தெரு முகத்த காப்பாத்துனா பின்னாடி உயரமா சேர்த்துக் கட்ட அனுமதி கெடைக்கும், அதுக்கும் உயர வரம்பு உண்டு. அக்கா குறுக்கு வழியில ஒன்னும் போகல.

கேள்வி: கெர்பாவ் ரோட்டுல 'தான் டெங் நியா' வீடுன்னு ஒன்னு இருக்கே, ஜன்னலுக்கு ஒரு கலரு கதவுக்கு ஒரு கலரு. அவங்களுக்கு மட்டும் சரின்னா என் கடைச் சுவத்துல மயில் படம் வரைய ஏன் யோசிக்கணும்? (வாசகி, பொத்தோங் பாசிர்)

அந்த வீடு 1900ல ஒரு சீன வியாபாரி கட்டுனது, லிட்டில் இந்தியாவுல மிஞ்சியிருக்கற கடைசி சீன மாளிகை அதுதான். இன்னிக்கு டூரிஸ்டுங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கற கலரெல்லாம் பின்னாடி புதுப்பிச்சப்ப வந்தது. ஆனா பெயிண்ட் அடிக்கறது வேற, படம் வரையறது வேற. பாதுகாப்புக் கட்டடத்துல சுவரோவியம்னா முன்கூட்டியே அனுமதி வேணும். 2024ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல ஒரு கடைவீட்டுச் சுவத்துல, சீனாவுலேர்ந்து வந்து கட்டுமான வேலை பாத்த சம்சுய் பொண்ணு ஒருத்தங்க கையில சிகரெட்டோட இருக்கற மாதிரி வரைஞ்சதும் ஊரே ரெண்டா பிரிஞ்சு பேசுச்சு, ஞாபகம் இருக்கும். மொதல்ல யூஆர்ஏ சிகரெட்ட அழிக்கச் சொன்னாங்க, அப்புறம் படம் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா கேக்காம வரைஞ்சதுக்குக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம் விழுந்துச்சு. எல்லாரும் சிகரெட்டப் பத்தியே பேசிட்டிருந்ததுல இந்த அபராத விஷயம் பல பேரு காதுல ஏறவே இல்ல. உங்க மயிலுக்கும் அதே கதைதான், வரைஞ்சு காட்டி கேளுங்க, முகப்ப விட்டுட்டு பக்கச்சுவரா இருந்தா வாய்ப்பு ஜாஸ்தி. ஒன்னு மட்டும், சுவத்துல பழைய ஓடுக்கல்லோ, கல்லுத்தூள் கலந்து பூசுன ஷாங்காய் பிளாஸ்டரோ இருந்தா அது மேல பெயிண்டே படக்கூடாது.

கேள்வி: எங்க கடை சுவரு ஆளு முட்டி உயரம் வரைக்கும் ஊதி ஊதி உரியுது, தொட்டா வெள்ளையா உப்பு மாதிரி கொட்டுது. வருஷா வருஷம் நல்ல பெயிண்ட்தான் அடிக்கறோம். அரசாங்கத்துல இதுக்கு ஏதாச்சும் பணம் தருவாங்களா? (வாசகர், ராங்கூன் ரோடு)

நீங்க அடிக்கற அந்த நல்ல பெயிண்ட்தான் ஐயா பிரச்சனை. பழைய கடைவீட்டுச் சுவரு செங்கல்ல, சுண்ணாம்புச் சாந்துல கட்டுனது. தரையிலேர்ந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளிய போயிடும், அதான் அந்தச் சுவத்தோட சுபாவம். இப்ப கடையில கெடைக்கற அக்ரிலிக் பெயிண்டும் அதுக்கடியில பூசுற சிமென்ட்டும் அந்த வழிய அடைச்சிடுது, ஈரம் போக எடமில்லாம பெயிண்ட்ட தள்ளிக்கிட்டு வருது, அதோட கரைஞ்சு வந்த உப்பு மேல பூக்குது. நீங்க மறுபடி சுரண்டிட்டு சிமென்ட் பூசி பெயிண்ட் அடிச்சா இன்னும் ஒரு அடி மேல ஏறும், அவ்வளவுதான். சிமென்ட்ட எடுத்துட்டு சுண்ணாம்புப் பூச்சு பூசி காய விடுங்க, அவசரப்படாம நல்லாவே காய விடுங்க, அப்புறம் ஈரத்த வெளிய விடற வகைப் பெயிண்ட்டா கேட்டு வாங்கி அடிங்க. ஆள் தேடறப்ப "சுண்ணாம்பு வேலை தெரியுமா"ன்னு கேளுங்க, சிமென்ட்டும் ஒன்னுதான் அதுவும் ஒன்னுதான்னு சொன்னா அடுத்த ஆள பாருங்க.

சுண்ணாம்புன்னதும் ஒன்னு சொல்லணும். செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் உள்ள போயிருந்தா அந்தச் சுவரோட வழவழப்பப் பாத்திருப்பீங்க. அத 1850கள் கடைசியில கட்டுனது இந்தியாவுலேர்ந்து இங்க கொண்டாந்த கைதிங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்கா மட்டை ஊறுன தண்ணி, எல்லாம் சேர்த்து அரைச்சுப் பூசி காஞ்சதும் பளிங்கு மாதிரி தேய்ச்சிருக்காங்க. மெட்ராஸ் பூச்சு அது.

பணம் கேட்டீங்க. தேசிய மரபுடைமைக் கழகத்துல நினைவுச்சின்னங்களுக்குன்னு ஒரு நிதி இருக்கு, ஆனா அது தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்ச கட்டடத்துக்கு, அதுவும் சமய அமைப்பு, லாப நோக்கமில்லாத அமைப்புங்க கையில இருக்கறதுக்கு. ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973லயும் நாகூர் தர்கா 1974லயும் சீனிவாசப் பெருமாள் கோயில் 1978லயும் அந்தப் பட்டியல்ல வந்தது. உங்க கடை பாதுகாப்புக் கட்டடம், நினைவுச்சின்னம் இல்ல. கைக்காசுதான்.

கேள்வி: மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியாருங்க வட்டித்தொழில் நடத்துன கிட்டங்கியில எங்க தாத்தா அடுத்தாளா, அதாவது உதவியாளா இருந்தார். இப்ப போய்ப் பாத்தா ஒரு செங்கல் கூட இல்ல. கோயிலுக்கெல்லாம் சட்டம் இருந்தப்ப கிட்டங்கிய மட்டும் ஏன் விட்டாங்க? (வாசகி, புக்கிட் தீமா)

நெனச்சா வருத்தமாத்தான் இருக்கும்மா. ஒரே கூடத்துல வரிசையா பல செட்டியார் கடைங்க, ஆளுக்கொரு மேசைப்பெட்டி, பின்னாடி இரும்புப் பெட்டகம், தரையில பாய். வரவு செலவு எழுதறது கீழ, தூங்கறது மேல. இந்த ஊரோட வட்டிக்கணக்கு பாதி அங்கதான் ஓடுச்சு. நினைவுச்சின்னச் சட்டம் 1971ல வந்துச்சுதான், ஆனா அது தனித்தனியா பெரிய கட்டடத்தப் பாத்துச்சு, கோயில், மசூதி, தேவாலயம்னு. தெருவையே சேர்த்து காப்பாத்தற ஏற்பாடு 1989லதான் வந்துச்சு. நடுவுல எழுபதுகள்ல, மார்க்கெட் ஸ்ட்ரீட் இருக்கற கோல்டன் ஷூ வட்டாரத்த நிதி மையமா மாத்தணும்னு இடிச்சுத் தள்ளுனாங்க, அதுல கிட்டங்கியும் போச்சு. 1984ல மார்க்கெட் ஸ்ட்ரீட்ல கோல்டன் ஷூ கார் பார்க் வந்துச்சு, அதையும் இடிச்சிட்டு இப்ப கேப்பிட்டாஸ்பிரிங்ங்கற உயரமான கட்டடம் நிக்குது. அதே நகரத்தார் கட்டுன டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில பாருங்க, 1859ல எழும்பி, இப்ப இருக்கற கட்டடம் 1983ல புதுசா கட்டுனது, ஆனா 2014ல தேசிய நினைவுச்சின்னம் ஆயிடுச்சு. முருகன் இருந்த இடத்துக்கு நிலைச்சு நிக்கற பாக்கியம் இருந்துச்சு, கணக்குப்பிள்ளை உக்காந்த இடத்துக்கு இல்ல.

கேள்வி: அஞ்சடி, அதான் கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை, என் கடை எல்லைக்குள்ளதானே வருது, அப்ப மூட்டை அடுக்குனா ஏன் சத்தம் போடறாங்க? (வாசகர், பஃபலோ ரோடு)

எல்லை உங்களோடதா இருக்கலாம், நடக்கற உரிமை ஊரோடது. 1822ல ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்துலயே வீட்டு முன்னாடி கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியா இருக்கணும்னு எழுதியாச்சு. 1888ல முனிசிபாலிட்டி அஞ்சடிய காலி பண்ணச் சொன்னதுக்கு கடையடைப்பு, கல்லெறின்னு கலவரமே நடந்துச்சு. இந்தச் சண்டை உங்கள்ட்ட ஆரம்பிக்கல. மூட்டைய உள்ள எடுத்து வைங்க.

கேள்வி: பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்றாங்க, ஆனா நான் சின்ன வயசுலேர்ந்து பூ வாங்குன கடை வாடகை ஏறி மூடிட்டாங்க. அதே சுவரு, அதே ஜன்னல், உள்ள போன் கவர் விக்கறாங்க. இந்தச் சட்டம் யாருக்கு? (வாசகி, உட்லண்ட்ஸ்)

கட்டடத்துக்கு. இத நான் நேராவே சொல்லிடறேன். ஜன்னல் மரத்த மாத்துனா கேள்வி கேக்க ஆள் இருக்கு, நாப்பது வருஷமா பூ கட்டுனவரு போனா கேக்க ஆள் இல்ல. ஆனா இதுக்கு மறுபக்கமும் உண்டு. 1947லேர்ந்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு ஒன்னு இருந்துச்சு, பழைய குடித்தனக்காரங்க கொஞ்சூண்டு வாடகைதான் கொடுத்தாங்க, அந்தக் காசுல ஓடு மாத்தக் கூட முடியாதுன்னு ஓனருங்க கட்டடத்த அப்படியே விட்டாங்க, ஒழுகி இடிஞ்சு விழற நிலைமைக்கு வந்துச்சு. கட்டடத்த காப்பாத்த அந்தக் கட்டுப்பாட்ட எடுத்தாங்க, 2001ல சட்டமே போச்சு. ஓடு நின்னுச்சு, பூக்காரர் நிக்கல. எந்தத் தொழில் வரக்கூடாதுன்னு யூஆர்ஏ சொல்ல முடியும், எவ்வளவு வாடகை வாங்கணும்னு அவங்க சொல்றதில்ல. பயன்பாட்டுப் பட்டியல்ல பூக்கடையும் கடைதான், போன் கவர் கடையும் கடைதான்.

இப்பதான் 2025ல தேசிய மரபுடைமைக் கழகம் பாரம்பரியத் தொழில்களுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு, 30 வருஷத்துக்கு மேல நடத்துற கடைங்களுக்கு அங்கீகாரமும் ஆலோசனையும் தர்றாங்க. வாடகைய அது குறைக்காது, எனக்கு அதுல பெரிய நம்பிக்கையும் இல்ல. இருந்தாலும் உங்க பூக்காரர் வேற எங்கயாச்சும் தொடர்ந்து நடத்தறாருன்னா விசாரிக்கச் சொல்லுங்க, பழைய ரசீது, கடைமுன்னாடி எடுத்த போட்டோ, லைசன்ஸ் தாளு எல்லாத்தையும் தூக்கிப் போடாம வச்சிருக்கச் சொல்லுங்க. எத்தனை வருஷமா நடத்தறோம்னு காட்டறதுக்கு அதெல்லாம் கையில இருக்கணும்.