கேளுங்கள், சொல்கிறோம்: டெனர் குரலை நம்பிப் பிழைக்கலாமா?

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டேன். கொட்டாஞ்சேனையில் கோயில் கொயரில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல் பகுதி, பாடுகிறேன். தனிப்பாடகராகும் ஆசை இல்லை, குழுவில் நின்று பாடத்தான் பிடிக்கும். அதையே தொழிலாக்கலாமா? அப்பா கணக்கியல் படிக்கச் சொல்கிறார்.

பதில்: ஆக்கலாம் தம்பி, ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு கஷ்டம். இங்கே கொயரில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான், லயனல் வென்ட் அரங்க மேடையில் நிற்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு குழுவில் பாட ஜேர்மனிதான் நல்ல இடம். ஓபரா அரங்குகளுக்கு நிரந்தரக் குழுக்கள் இருக்கின்றன, அப்புறம் வானொலிக் குழுக்கள் தனி, பெர்லினில் உள்ளது 1925இல் தொடங்கியது. இங்கிலாந்தின் பிபிசி சிங்கர்ஸ் அதற்கும் ஒரு வருடம் மூத்தது, ஆனால் 2023இல் அதை மூடப்போவதாக அறிவித்து, பெரிய எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த முடிவைக் கைவிட்டார்கள், அவ்வளவு பேரெடுத்த குழுவுக்கே அந்தக் கதி. அங்குள்ள பேராலயங்களில் மாலை ஆராதனைக்குப் பாட லே கிளார்க் என்று ஆள் எடுப்பார்கள். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

டெனருக்கு எங்கும் தட்டுப்பாடு, ஆண்களில் அதிகம் பேருக்கு அதைவிடத் தாழ்ந்த பாரிட்டோன் குரல்தான், அதனால் உனக்கு ஒரு கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே விடுவது குரல் மட்டும் இல்லை, இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடும் வாசிப்பு. தேர்வில் நீ கண்ணாலேயே பார்த்திராத இசைத்தாளை நீட்டிப் பாடச் சொல்வார்கள். பாமாலைப் புத்தகத்தில் டெனர் பாஸ் கிளெப்பில் (கிளெப் என்பது கோடுகளில் எந்தச் சுரம் எங்கே என்று காட்டும் தொடக்கக் குறி) இருக்கும், பெரிய கொயர் தாள்களில் டிரெபிள் கிளெப்புக்குக் கீழே சின்னதாக 8 போட்டிருக்கும், அதாவது எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். இரண்டுமே தடுமாறாமல் வரவேண்டும். மேல் ஸ்தாயி ஏ சுரத்தைக் கத்தி எடுக்கப் பலராலும் முடியும், பக்கத்தில் நிற்பவரின் குரலை அமுக்காமல் மெதுவாக எடுத்து நிறுத்துகிறவனைத்தான் குழு தேடும்.

சரி, இப்போது என்ன செய்வது? ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுச் சபையின் பாட்டுத் தேர்வுகளைக் கொழும்பிலேயே எழுதலாம், 6ஆம் தரத்துக்குப் போகுமுன் 5ஆம் தர இசைக் கோட்பாட்டுத் தேர்வை முடித்து வை. கோதே நிறுவனத்தில் ஜேர்மன் மொழியும் தொடங்கு. ஜேர்மனியில் பல அரசு இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். அந்தத் தொகை சேரும் வரைக்குமாவது கணக்கியல் படி, அப்பா சொல்வதில் பிழை இல்லை.

கேள்வி: கர்நாடக இசை படித்தவன், சுருதி 1 கட்டை. நான் டெனரா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: 1 கட்டை என்றால் உங்கள் சட்ஜம் மேற்கத்திய சி சுரத்தில். மேல் பஞ்சமத்தைத் தொட்டால் ஜி, கொயர் டெனருக்கு அதற்கும் மேலே ஏ வரை தேவைப்படும், அதாவது மேல் சதுச்ருதி தைவதம். அங்கே தொண்டை இறுகாமல் நின்று பாட முடிந்தால் டெனர், இறுகினால் பாரிட்டோனாக இருக்கலாம்.