நெஞ்சில் தொண்டு நிறுவனத்தின் பெயர்: ஜெர்சிக் காசு யாருக்குப் போகிறது?

கேள்வி: பர்மிங்ஹாமில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, ஆஸ்டன் வில்லா கால்பந்து கிளப் என்றால் உயிர். பழைய ஜெர்சிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறான். 2008-09 சீசன் ஜெர்சி, நெஞ்சில் 'ஏக்கார்ன்ஸ்' என்று எழுதியது, இணையத்தில் ஒருவர் இன்றைய புது ஜெர்சியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார். "இது நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் ஜெர்சி" என்றும் போட்டிருக்கிறார். நல்ல காரியத்துக்குத்தானே, வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் கணவர். இதில் குழந்தைகளுக்கு ஏதாவது போகுமா? அப்படி என்ன விசேஷம் அந்த ஜெர்சியில்?

பதில்: குழந்தைகளுக்கு ஒரு பென்னி கூடப் போகாது. நீங்கள் கொடுப்பது முழுக்க விற்பவர் பைக்குத்தான் போகும். "உதவிய" என்று எழுத வேண்டிய இடத்தில் "உதவும்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவு விலை.

ஆனால் விசேஷம் இருப்பது உண்மை. 2008 வரை வில்லா ஜெர்சியில் இருந்தது 32ரெட் என்ற ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்தின் பெயர். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் கிளப் அடுத்த ஸ்பான்சருக்கு அந்த இடத்தை விற்கவில்லை. ஏக்கார்ன்ஸ் குழந்தைகள் ஹாஸ்பைஸுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டது. ஆயுள் குறைந்த, குணமாகாத நோயுள்ள குழந்தைகளையும் அவர்கள் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. பர்மிங்ஹாம், வால்சால், வூஸ்டர் என மூன்று ஊர்களில் இல்லங்கள். இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்று பல லட்சம் பவுண்டு பெறக்கூடிய இடத்தை இப்படி விட்டுக்கொடுத்தது அன்றைக்குப் பெரிய செய்தி. 2008-09, 2009-10 என இரண்டு சீசன் அந்தப் பெயரோடு ஆடினார்கள். 2010 பிப்ரவரியில் வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் 2-1 என்று தோற்றபோதும் அதே பெயர்தான். அந்தக் கோடையில் எஃப்எக்ஸ்ப்ரோ என்ற அந்நியச் செலாவணி வர்த்தக நிறுவனம் வந்தது, ஏக்கார்ன்ஸ் நெஞ்சிலிருந்து இறங்கியது.

எனக்குத் தெரிந்த வில்லா ரசிகர்கள் சிலரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோருக்குப் பெருமைதான். யோசித்துப் பாருங்கள், ரசிகன் என்பவன் காசு கொடுத்து விளம்பரப் பலகையை வாங்கி, அதைத் தானே துவைத்து, தானே மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன். அந்தப் பலகையில் சூதாட்டக் கம்பெனி பெயர் இருந்தால் பிள்ளையோடு கடைவீதிக்குப் போகும்போதே ஒரு கூச்சம். தங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்தின் பெயர் இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. "கிளப்பின் ஜெர்சியை முதல் தடவையாக எங்கள் ஜெர்சி என்று நினைத்தேன்" என்றார் ஒரு நண்பர்.

வேறு மாதிரிப் பேசுகிறவர்களும் உண்டு. "நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தில் கோல் அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கியிருக்கலாமே" என்பது ஒரு குரல். "முதலாளி நல்ல பெயர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. அப்போதைய உரிமையாளர் ராண்டி லெர்னர் என்ற அமெரிக்கர். நல்ல பெயர் வாங்கினார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, ஆனால் அதற்கு அவர் தன் கிளப்பின் வருமானத்தைத்தான் கொடுத்தார், ரசிகன் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் கணக்கும் அவ்வளவு சரியில்லை. 32ரெட்டோடு ஆடிய 2007-08 சீசனில் வில்லா ஆறாவது இடம், ஏக்கார்ன்ஸோடு ஆடிய இரண்டு சீசனிலும் அதே ஆறாவது இடம்தான்.

சரி, வாங்குவதா வேண்டாமா? மகனுக்குச் சேகரிப்பில் ஆசை என்றால், பழைய ஜெர்சி என்ற கணக்கில் மட்டும் விலை பேசுங்கள். இது நைக்கி தயாரித்தது. உள்ளே பக்கவாட்டுத் தையலில் ஒரு சின்ன வெள்ளை லேபிள் இருக்கும். அதில் ஆறு இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என்று ஒரு எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணை இணையத்தில் தேடினால் அதே வில்லா ஜெர்சி வர வேண்டும். வேறு ஏதோ நாட்டு அணியின் ஜெர்சி வந்தால் கையில் இருப்பது போலி. எண் பொருந்தினாலும் அசல்தான் என்று முடிவு கட்ட முடியாது, போலிக்காரர்கள் சரியான எண்ணையும் நகலெடுப்பார்கள். ஆனால் பொருந்தாவிட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். படம் அனுப்பத் தயங்குகிறார் என்றாலும் அப்படியே. நெஞ்செழுத்தையும் கிட்டே வைத்து எடுத்த படம் கேளுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன அச்சு, சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடித்திருக்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கணவரின் ஆசையாக இருந்தால் அதைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 20 பவுண்டு நேரடியாகக் கொடுத்து 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் டிக் போட்டால், அரசு 5 பவுண்டு சேர்த்து 25 ஆக்கும். ஜெர்சி வாங்குவதில் இது கிடையாது. ஜெர்சியிலிருந்து பெயர் போனதும் ஏக்கார்ன்ஸின் செலவு ஒன்றும் குறையவில்லை. 2019-ல் வால்சால் இல்லத்தையே மூட வேண்டி வரும் என்று அவர்கள் அறிவித்தார்கள், அந்த வட்டார மக்கள் நிதி திரட்டித்தான் அது தப்பித்தது.

கேள்வி: யுனிசெஃப் பெயர் இருந்த காலத்துப் பார்சிலோனா ஜெர்சியை இன்றும் வைத்திருக்கிறேன். அந்த மாதிரி தர்மம் செய்துதான் கிளப் பின்னால் கடனில் விழுந்தது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். தொண்டுப் பெயர் போட்டால் கடைசியில் சுமை ரசிகன் தலையில்தானே?

பதில்: நண்பர் வருடக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். 2006 செப்டம்பரில் யுனிசெஃப் வந்தது. அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேலாக பார்சிலோனா நெஞ்சில் எந்த வணிகப் பெயரும் இல்லை, ஆகவே இங்கே யாரையும் இறக்கிவிட்டு யுனிசெஃப்பை ஏற்றவில்லை. கிளப்பே வருடத்துக்கு 15 லட்சம் யூரோ யுனிசெஃப்புக்குக் கொடுத்தது. வில்லா இலவசமாகக் கொடுத்தது என்றால் இவர்கள் கைக்காசும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஜெர்சியோடுதான் 2009-ல் ரோமிலும் 2011-ல் வெம்ப்ளியிலும் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தார்கள்.

2011-ல் கத்தார் ஃபவுண்டேஷன் நெஞ்சுக்கு வந்தது, வருடத்துக்கு 3 கோடி யூரோ. யுனிசெஃப் முதுகில் எண்ணுக்குக் கீழே போனது. கிளப்பின் சொந்தக்காரர்களான உறுப்பினர்களுக்குள் பெரிய சண்டை, அங்கே ஆடியும் பயிற்றுவித்தும் பெயர் பெற்ற யோஹான் கிரைஃப் வெளிப்படையாகவே திட்டினார், ஆனாலும் உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கத்தார் ஃபவுண்டேஷனும் பெயரளவில் லாப நோக்கில்லாத அறக்கட்டளைதான், அதனால் சிலருக்குக் கசப்பு கொஞ்சம் குறைந்தது. இரண்டே வருடத்தில் அந்த இடத்தில் கத்தார் ஏர்வேஸ் வந்து உட்கார்ந்தது. ஜெர்சியில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட வேண்டியதில்லை என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

கடன் வெடித்தது 2021-ல். அதற்குள் நெஞ்சுக்கு வந்திருந்த ஜப்பானிய இணைய வணிக நிறுவனம் ரகுடென் வருடத்துக்கு 5.5 கோடி யூரோ கொடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வாங்கியும் விழுந்தார்கள் என்றால் காரணம் வீரர்கள் சம்பளம், வீரர்களை மற்ற கிளப்புகளிடமிருந்து வாங்க அள்ளிக் கொடுத்த தொகைகள், கொரோனா காலத்தின் காலி மைதானம். யுனிசெஃப்புக்குக் கொடுத்த 15 லட்சம், பெரிய வீரர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கூடக் காணாது.

எல்லாக் கிளப்பும் பார்சிலோனா அல்ல என்பதும் சரிதான். சின்னக் கிளப்புக்கு ஸ்பான்சர் பணம் போனால் அடி விழும். அங்கேதான் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும். வட்டிக்கடை வோங்காவின் பெயரோடு ஆடிய கிளப், 2013-ல் திவால் நிர்வாகத்துக்குள் போனது, ரசிகர்கள் சேர்ந்து மீட்டார்கள். 2015-ல் நெஞ்சில் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனத்தின் பெயர் வந்தது. அதற்கான ஸ்பான்சர் தொகையைக் கொடை மனம் கொண்ட சிலர் கிளப்புக்குக் கட்டினார்கள். கிளப்புக்குப் பணமும் வந்தது, தொண்டு நிறுவனத்துக்கு இடமும் கிடைத்தது. ஆகவே அடுத்த முறை நண்பர் கேட்டால், "எந்தக் கிளப், பணம் எந்தப் பக்கம் ஓடியது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: "விற்பனையில் ஒரு பங்கு தொண்டுக்கு" என்று கிளப் கடையில் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் கடைப் பையன் சிரிக்கிறான். நம்பலாமா?

பதில்: சிரிப்பு பதில் ஆகாது. இங்கிலாந்து, வேல்ஸில் 1992-ஆம் ஆண்டு தொண்டு நிறுவனச் சட்டப்படி, பொருளை விற்று அதில் தொண்டுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லும் வியாபாரி, எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு தொகை என்று வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். "ஒரு பங்கு" என்பது போதாது. கிளப்புக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், அந்தத் தொண்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். நியாயமான ஏற்பாடு என்றால் இரண்டு பதிலும் ஒத்துப்போகும்.

தெளிவாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். 2020-ல் லண்டனின் சின்னக் கிளப்பான லேட்டன் ஓரியன்ட் ஜெர்சியின் முன்பக்கத்தை இங்கிலாந்து வீரர் ஹாரி கேன் தன் காசில் வாங்கினார். வாலிபத்தில் தன் கிளப்பிலிருந்து தற்காலிகமாக ('லோன்' முறையில்) அங்கே போய் ஆடியவர் அவர். உள்ளூர் ஜெர்சியில் கொரோனா முன்களப் பணியாளர்களுக்கு நன்றி, வெளியூர் ஜெர்சியில் ஹேவன் ஹவுஸ் குழந்தைகள் ஹாஸ்பைஸ், மூன்றாவதில் மனநல அமைப்பான 'மைண்ட்'. ஒவ்வொரு ஜெர்சி விற்பனையிலும் 10 சதவீதம் தொண்டுக்கு என்று எண்ணாகவே அறிவித்தார்கள்.

எண் இருந்தாலும், எதில் 10 சதவீதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான ஜெர்சி 80 பவுண்டு என்று வைப்போம். மொத்த விலையில் என்றால் 8 பவுண்டு. ஆனால் அந்த 80-க்குள் 13 பவுண்டுக்கு மேல் வாட் வரி இருக்கிறது, அதைக் கழித்த விலையில் என்றால் 6 பவுண்டு 67 பென்னி. 'லாபத்தில்' என்று எழுதியிருந்தால் கணக்குப் போடும் வேலையை அவர்கள் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டீர்கள், என்ன வரும் என்று சொல்ல முடியாது. (குழந்தைகள் அளவுக்கு வாட் இல்லை. உடம்பு சின்னதாக இருக்கிற பெரியவர்கள் பெரிய குழந்தை அளவு வாங்கி மிச்சம் பிடிப்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலேயே நடக்கிறது.)

கேள்வி: சூதாட்டக் கம்பெனிப் பெயர்களை எடுக்கப் போகிறார்களாமே. இனி அந்த இடத்தில் தொண்டு நிறுவனங்கள் வருமா? புது ஜெர்சி வாங்கக் காத்திருக்கலாமா?

பதில்: பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது இது: 2025-26 சீசன் முடிவோடு ஜெர்சியின் முன்பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் நிற்கும். முன்பக்கம் மட்டும்தான். ஜெர்சியின் கைப்பகுதியிலும் மைதான விளம்பரப் பலகையிலும் அதற்குத் தடையில்லை. அந்த இடத்தைத் தொண்டுக்குக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2023-ன் தொடக்கத்தில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட், ஸ்பான்சர் இல்லாமல் காலியாக இருந்த நெஞ்சில் ஐ.நா. அகதிகள் அமைப்பின் பெயரைப் போட்டது. பார்க்க அழகாக இருந்தது. அடுத்த சீசனே பந்தயக் கம்பெனி வந்துவிட்டது. இடம் விலை போகாதவரைக்கும்தான் தர்மம் என்பது பல கிளப்புகளின் வழக்கம். வில்லா வேறு மாதிரி நடந்துகொண்டதால்தான் அதை இன்றும் பேசுகிறோம்.

அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக ஜெர்சியே வேண்டாம் என்று இருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் அளவு ஜெர்சிகளில் சூதாட்ட லோகோ அச்சிடுவதில்லை. பெரியவர்களுக்கும் ஸ்பான்சர் பெயர் இல்லாத ஜெர்சியைச் சில கிளப்புகள் விற்கின்றன, கடையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

கேள்வி: ஆன்லைனில் மகள் பெயரும் எண்ணும் அச்சிட்டு ஜெர்சி வாங்கினேன். அளவு சின்னது. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். 14 நாள் உரிமை இல்லையா?

பதில்: ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு, ஆனால் உங்களுக்கென்று பெயர் போட்டுத் தயாரித்த பொருளுக்கு அது கிடையாது. அளவு தப்பு என்றால் கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. எழுத்துப் பிழை அவர்களுடையது என்றாலோ, இரண்டு தடவை துவைத்ததும் எண் உரிந்து வந்தாலோ கதை வேறு. அது குறைபாடுள்ள பொருள், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம், பெயர் அச்சிட்டிருக்கிறது என்ற சாக்கு அங்கே செல்லாது. அடுத்த தடவை முதலில் வெறும் ஜெர்சியை வாங்கிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பெயர் அடிக்கக் கொடுங்கள்.